மடிப்பில் வெட்டுவது

பேனாவைத் திறந்துகொண்டே, கையெழுத்து எங்கே போடுவது என்று ஓவியரின் தங்கை கேட்டார். மேஜையில் சம்மதத் தாளும், அதன் பக்கத்தில் இறந்துபோன அண்ணனின் பழைய படநோட்டும் இருந்தன. அருங்காட்சியகத்தில் கிழிந்த தாள்களை ஒட்டிச் சீராக்குபவள் எதிரே நின்றிருந்தாள். அங்கே எல்லாருக்கும் அவள் பசையக்கா.

நோட்டைப் பிரித்து ஒவ்வொரு படத்தையும் சட்டமிட்டு மாட்ட வேண்டும் என்பது அருங்காட்சியகப் பொறுப்பாளரின் ஆசை. தங்கை கையெழுத்திட்டால் பிரிக்கப்போவது பசையக்காவின் கத்திதான். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமையில்லை. முதலில் நோட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள் என்றாள்.

"என்ன இது, இப்படி வளைஞ்சு கிடக்கு? ஈரம் பட்டுச்சா?"

ஈரம் பட்டால் தாள் அலையலையாகச் சுருங்கும், இது ஒரே பக்கமாக வளைந்திருக்கிறது, உங்கள் அண்ணன் கால்சட்டையின் பின்பையில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று பசையக்கா உற்சாகமாக விளக்கினாள்.

"அவன் எதைத்தான் விட்டு வச்சான்? என் மூக்குக்கண்ணாடி மேலயே உக்காந்தவன்."

பசையக்கா நோட்டின் நடுவைத் திறந்தாள். இடப்பக்கம் பென்சிலில், துணி காயும் ஒரு கொடி. அதன்மேல் ஒரு கெண்டியின் நிழல், கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, மங்கலாகப் படிந்திருந்தது. நோட்டை மூடி வைத்தால் எதிர்ப்பக்கத்துப் பென்சில் கரி இப்படி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கெண்டிப் படம் எதிரில் இல்லை, நோட்டின் எல்லாத் தாளுக்கும் வெளியே இருந்த தாளில் இருந்தது. மடிப்பில் பழைய ஊசித்துளைகள் காலியாக இருக்க, கறுப்பு நூல் வேறு துளைகளில் ஓடியது. யாரோ பிரித்துத் தைத்தபோது தாள்களை மாற்றி அடுக்கிவிட்டார்கள் என்று தன் அறிக்கையில் எழுதியிருப்பதையும் சொன்னாள்.

தங்கை தையல்காரர். நூலுக்குப் பக்கத்தில் கண்ணைக் கொண்டுபோனார்.

"யாரோ இல்ல. அவனேதான். இடதுகைக்காரன், எல்லாத் தையலும் இப்படித்தான் எதிர்ப்பக்கம் சாயும்."

அவரே தைத்தார் என்றால், வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார். பசையக்கா மறுபடி பார்த்தாள். வலப்பக்கம் மையில் ஒரு தெரு மின்கம்பி, வேறொரு நாளின் படம். இடையில் கிடந்த தாளை அவர் எடுத்து வெளித்தாளாக வைத்துத் தைத்ததும், பென்சில் கொடியும் மைக்கம்பியும் மடிப்பில் ஒரே கோடாகச் சேர்ந்திருக்கின்றன. எத்தனை முறை திறந்திருப்பாள், இரண்டு படமாகவே பார்த்திருக்கிறாள். தங்கையின் விரல் கொடியில் புறப்பட்டு, நூலைக் கடந்து, கம்பியின் கடைசியில் உட்கார்ந்திருந்த குருவி வரை நிற்காமல் போனது.

"திருட்டுப்பய," என்றார் மெதுவாக.

பிறகு சம்மதத் தாளைத் தட்டினார். "மடிப்பில் வெட்டின்னுதானே போட்டிருக்கு? அப்போ இது ஒண்ணாத்தானே இருக்கும்?"

பசையக்காவுக்குப் புரியவில்லை. தங்கை அந்தத் தாளின் ஒரு மூலையை மடித்து, மடிப்பைத் தொடாமல் விளிம்பை மட்டும் கத்தரிப்பதுபோல் விரலை ஓட்டிக் காட்டினார். தையல்கடையில் மடிப்பில் வெட்டுவது என்றால், துணியை மடித்து மடிப்பை விட்டுவிட்டு வெட்டுவது; பிரித்தால் சட்டையின் முதுகுத்துணி முழுசாக வரும். பசையக்கா தயங்கி, இங்கே கத்தி மடிப்பின் மேலேயே ஓடும் என்றாள்.

பேனா மூடப்பட்டது.

பொறுப்பாளர் கதவருகே வந்து, முடிந்ததா என்று கேட்டார்.

"இங்க வாங்க தம்பி," என்றார் தங்கை, "வந்து இந்தக் கொடியைப் பாருங்க."

அவர் குனிந்தார். முதலில் துணியைப் பார்த்தார், பிறகு குருவியை. இரண்டுக்கும் நடுவில், சாய்ந்த கறுப்புத் தையல் ஒன்று கொடியில் மாட்டிய கிளிப்பைப்போல் நின்றிருந்தது.