நூற்றெண்பது கிலோ

சர்வேயருடைய ஜீப்பின் பின்சக்கரங்கள் தரையைத் தொட்டு இந்த மாதத்தோடு பதினோரு வருஷம் ஆகிறது. டயருக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரற்கடை. டேப் வைத்து அளந்தவர் சர்வேயரேதான்.

எல்லாம் அவர் மனைவியின் இடுப்பால் வந்தது. டிஸ்க் விலகியதிலிருந்து மனைவி பின்சீட்டில் சாய்ந்து படுத்துத்தான் பயணம் செய்யமுடியும். அந்த ஜீப்பின் பின்பக்கமோ ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். கல்குவாரிக்கு மேலே இருந்த மனைவியின் அக்கா வீட்டுக்குப் பதினாலு கிலோமீட்டர், அத்தனையும் கல்லும் குழியும். போகாமலே நாள் தள்ளிப்போக, "இடுப்புவலி எல்லாம் சும்மா சாக்குடி" என்று அக்கா போனில் வார்த்தையை விட்டுவிட்டார். ஆறு வருஷம் இருவரும் பேசவில்லை. மனைவி போனைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் சர்வேயருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவரையும் ஏற்றிக்கொண்டு மெல்ல ஒர்க்‌ஷாப்புக்கே போய்விட்டார்.

"பின்னாடி எவ்வளவு வெயிட் ஏறும் சார்? அதுக்குத் தகுந்த ஸ்பிரிங்தான் போடணும்" என்றார் மெக்கானிக்.

"அறுபது கிலோ" என்றார் சர்வேயர்.

"எழுபத்தொண்ணு" என்றார் மனைவி. "ஸ்பிரிங்குகிட்டப் போய்ப் பொய் சொல்வாங்களா?"

"அப்போ அவ மனசுல இருக்கிற பாரத்தையும் சேர்த்துக்குங்க" என்று சர்வேயர் தமாஷ் பண்ண, சொன்னதைச் சொன்னபடி செய்யும் அந்த மெக்கானிக் சிரிக்காமல் மனைவியை ஒருதரம் பார்த்துவிட்டு, அட்டையில் நூற்றெண்பது என்று எழுதிக்கொண்டார். தளர்ந்துபோன காயில்கள் கழன்றன. தடித்த புதுக் காயில்களும் புது ஷாக் அப்சார்பர்களும் ஏறின.

மறுநாள் மேலே போனார்கள். ஒரு குழிகூடத் தெரியவில்லை. பாதி வழியில் பின்சீட்டிலிருந்து குறட்டை கேட்டது. அக்கா வாசலுக்கு வந்து, எதைக் கேட்பது என்று தெரியாமல், "இடுப்பு எப்படிடி இருக்கு?" என்றார்.

"சாக்கு நல்லா இருக்குக்கா."

இரண்டு பேரும் சிரித்தார்கள், அழுதார்கள், சாயங்காலம் வரை ஆறு வருஷத்தைப் பேசித் தீர்த்தார்கள். திரும்புகிறபோது மனைவி ஏறிக் கதவைச் சாத்தியதும் ஜீப்பின் பின்பக்கம் மெல்ல எழும்பி, அப்படியே நின்றது.

"என் கணக்கு சரிதான் சார்" என்றார், மறுநாள் வண்டியைக் குனிந்து பார்த்த மெக்கானிக். "நீங்க பாரத்தை இறக்கிவெச்சிட்டு வந்தா நான் என்ன பண்றது?" வேறு ஸ்பிரிங் மாற்றவா என்றதற்கு மனைவி தலையை ஆட்டிவிட்டார், வேண்டவே வேண்டாம் என்று. முன்சக்கரங்கள் இழுக்கின்றன, பின்பக்கம் கூடவே வருகிறது. சோதனைக்கு வந்த அதிகாரி பின்டயர் தேய்மானம் 'இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் பின்சீட்டில் வாயடித்துக்கொண்டு வருகிறார்கள்; வளைவுகளில் பின்பக்கம் காற்றில் கொஞ்சம் அலையும் என்பதால் அங்கே மட்டும் சர்வேயர் நிதானமாகத் திருப்புகிறார்.