சிராக்யூஸில் முடியாத இலையுதிர்காலம்

எங்கள் வீட்டு மாடிப் பின்னறையில் நாற்பதாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். ஒருவனும் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்ததில்லை. எல்லாம் ஈயத்தில் வார்த்த வீரர்கள். அரை விரல் உயரம்தான், ஆனால் ஒவ்வொருவனுக்கும் கண்மணி வரைக்கும் நானே வண்ணம் தீட்டியிருக்கிறேன். மேஜைமேல் பழங்காலச் சிசிலித் தீவு. ஒரு பக்கம் கடல் தாண்டிப் படையெடுத்து வந்த கார்த்தேஜ்காரர்கள், மறுபக்கம் சிராக்யூஸ் நகரம். இரண்டு பக்கமும் நான் ஒருவனே ஆடுகிறேன். எதிரி என்ன செய்வான் என்பதைப் பகடை சொல்லும். அது சொன்னால் மறுபேச்சு கிடையாது. எங்கள் மான்ஸ்ஃபீல்ட் ஊர் முழுக்க விசாரித்துப் பாருங்கள், நெவில் பகடையில் கள்ளம் செய்தான் என்று சொல்ல ஒரு நாக்கு இருக்காது.

சிராக்யூஸின் தலைவி பெயர் தெல்மா. என் மனைவி பெயரும் அதுதான். ஒருநாள் தூசி தட்ட வந்தவள், "இத்தனை ஆம்பளைங்க இருந்தும் ஊரு இப்படிக் கெடக்கு. என்னை உட்கார வச்சுப் பாரு" என்றாள். வைத்தேன். கோயில் பூசாரிணிப் பொம்மை ஒன்றுக்கு அவளுடைய நீலக் கம்பளிச் சட்டையையே தீட்டிவிட்டேன். அன்றிலிருந்து அந்த நகரத்தை எவனாலும் அசைக்க முடியவில்லை. கார்த்தேஜின் யானைகள் அவளைக் கண்டதும் பின்பக்கமாகவே நடந்து கப்பல் ஏறின.

வினை நான் வகுத்த ஆட்டச் சட்டத்தில் இருந்தது. குளிர்காலம் வந்தால் ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு பகடை போட வேண்டும். ஒன்று விழுந்தால் காய்ச்சலில் சாவு.

இந்த நவம்பரில் ஆட்டத்தில் குளிர்காலம் வாசலில் வந்து நின்றது. அதே வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பும் வந்தது. வியாழக்கிழமை தெல்மாவின் நெஞ்சைத் திறந்து இதய வால்வை மாற்றப்போகிறார்களாம். "இந்த வயசுல ஆபத்தே இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் இலையுதிர்காலத்தை முடியவிடவில்லை. படைகளை மழையில் தீவைச் சுற்றி நடத்தினேன். சுற்றி முடித்ததும் எதிர்த்திசையில் நடத்தினேன். அந்த ஆண்டு சிசிலியில் திராட்சை நான்கு முறை பழுத்தது. குதிரைகள்கூடப் போதையில் தள்ளாடின. சாப்பாட்டுக்கு மட்டும்தான் நான் அறையை விட்டு இறங்கினேன்.

புதன்கிழமை மத்தியானம் தெல்மா டீயோடு வந்தாள். படியேறிய மூச்சு அடங்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"இன்னுமா இலை உதிருது?"

"அங்க மரம் ஜாஸ்தி."

"குளிர்காலப் பகடை எப்பப் போடப்போற, வாத்தே?" எங்கள் பக்கம் செல்லமாகக் கூப்பிடுவதென்றால் வாத்துதான். பால்காரனும் வாத்து, மேயரும் வாத்து.

"போடலாம். என்ன அவசரம்?"

"நான் செத்துடுவேன்னு பயமா?"

நான் யானை ஒன்றைக் கையில் எடுத்து அதன் தந்தத்தை ஊதித் துடைத்தேன். தெல்மா பகடையை எடுத்தாள். "இது தெல்மாவுக்கு" என்று எறிந்தேவிட்டாள். பகடை சிசிலி நெடுக உருண்டு, சிராக்யூஸின் மதிலில் முட்டி, சாய்ந்து நின்றது. மேலே தெரிந்தது ஒன்று.

"சாய்ஞ்சிருக்கு! செல்லாது, செல்லாது!"

"சாய்ஞ்சா என்ன சட்டம்? மேல இன்னொரு பகடையை வைக்கணும், அது நின்னா செல்லும். இதுக்காக வேற ஆட்டம் ஆட வர்ற உன் கூட்டாளி ரெஜிகிட்ட எத்தனை ஞாயித்துக்கிழமை தொண்டை கிழியக் கத்தியிருக்க? கீழ இருந்த எனக்குக் காது இல்லையா?"

இன்னொரு பகடையை எடுத்து அதன்மேல் வைத்தாள். நின்றது, துரோகி.

"வீடே சாய்ஞ்சிருக்கு, தெல்மா! அடியில நிலக்கரிச் சுரங்கம் தோண்டித் தோண்டி இந்தத் தெருவே கோணலாப் போச்சு. கோணல் வீட்டுல எந்தப் பகடையும் செல்லாது!"

"அப்ப இத்தனை வருஷமா நீ ஜெயிச்சதெல்லாம்?"

நான் யானையின் மறு தந்தத்தைத் துடைக்கத் தொடங்கினேன். நெவில் வாதத்தில் தோற்றது எங்கள் மாவட்டத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நெவில், அது ஈயம். செத்தா சாகட்டும், அடுத்தவளை உட்கார வை. நான் கீழே ஆஸ்பத்திரிப் பெட்டியை அடுக்கிட்டிருக்கேன். நைட்டியை வைக்கிறேன், எடுக்கிறேன், மறுபடி வைக்கிறேன். பயமா இருக்குன்னு யாருகிட்டப் போய்ச் சொல்ல? நீ சிசிலியில இல்ல இருக்க?"

யானையை வைத்துவிட்டு அவளோடு கீழே இறங்கினேன். பெட்டியைக் கவிழ்த்து மறுபடி முதலிலிருந்து அடுக்கினோம். அவள் தன் பயத்தைச் சொன்னாள். நான் என்னுடையதைச் சொன்னேன். என்னுடையதுதான் பெரிது என்று வாதாடினேன். சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று சனிக்கிழமை. வால்வு சரியாக உட்கார்ந்துவிட்டதாம், இதயம்தான் இன்னும் சுணங்குகிறதாம். வாயில் குழாயோடு கண்மூடிக் கிடக்கிறாள். "பேசிக்கிட்டே இருங்க, காதுல விழும்" என்றாள் நர்ஸ். ஆளைப் பார்த்துத்தான் வேலை கொடுத்திருக்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒரு கறி அப்பம் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது தெருவே திரண்டு வந்ததாக வளர்ந்தது. வரிசை ரயில் நிலையம் வரை நீண்டது. மேயர் தலையில் இரண்டு அப்பம். அந்த இடத்தில் தெல்மா தன் கைக்குள் இருந்த என் விரலை அழுத்தினாள்.

"எலும்பு நொறுங்கிப்போச்சு! எக்ஸ்ரே எடுங்க!" என்று கத்தினேன்.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். கற்பனையே இல்லாத பெண். விரலை எடுக்காமல் அங்கேயே வைத்திருக்கிறேன்.