பூமியில் இருந்தவன்

அண்ணன் என் தோளில் கை போட்டதும் அவன் பூசியிருந்த சென்ட் மூக்கில் ஏறியது. கூலாய் ஊர்க் கோயில் மண்டபத்து மேடை, ஞாயிற்றுக்கிழமை காலை, எதிரே நூறு பேர். அண்ணன் கமலநாதன் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். காலப் பயணத்தைப் பற்றி எளிய தமிழில் அவன் எழுதிய புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. நான் விமலநாதன், அதே வயிற்றிலிருந்து பத்து நிமிடம் பின்னால் வந்தவன். எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி வெட்டி என் வலது தோள் இறங்கிப் போயிருக்கிறது. அவன் கை வைத்தது அந்தத் தோளில்.

"ஒளியோட வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு ராக்கெட் போகுதுன்னு வச்சுக்குங்க," என்றான் மைக்கில். "இரட்டைப் பிள்ளையில ஒருத்தன் அதுல போறான். ஒருத்தன் பூமியிலயே இருக்கான். போனவனுக்குக் காலம் மெதுவா ஓடும், திரும்பி வர்றப்ப இளமையா இருப்பான். இருந்தவன் கெழவன். இப்ப சொல்லுங்க, எங்க ரெண்டு பேருல ராக்கெட்டுல போனது யாரு?"

மண்டபம் சிரித்தது. போன்களைத் தூக்கினார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அலமாக், ஐயோ, தம்பிக்காரரு அவருக்கு அப்பா மாதிரி இருக்காரு லா!" என்றாள். அண்ணனும் சிரித்தான். இந்தக் கூத்துக்குத்தான் விடிந்ததும் எனக்கும் என் மகளுக்கும் கார் அனுப்பியிருக்கிறான். அவன் கணக்குப்படி வேகமாகப் போகிறவனுக்குத்தானே வயது குறைய வேண்டும்? மழைக்கு முன்னால் குலையை ரோட்டில் சேர்க்க ஓடினவன் நான். வகுப்பறைக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன் அவன்.

அந்தப் புத்தகத்தை ஒரு மாதமாகப் படித்தேன். என் மகள் லோஷினிக்கென்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். ஐம்பது வயதுக்கு மேல் நான் எழுத்துக் கூட்டப் பழகியது அவனுக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. ராக்கெட், கடிகாரம் எல்லாம் மெல்ல விளங்கின. நாற்பத்தொன்றாம் பக்கம் வந்ததும் புத்தகத்தைத் தூக்கி வாசலில் எறியலாம் போலிருந்தது. லோஷினி எனக்கு முன்பே அதைப் படித்துவிட்டாள்.

"நீங்களே ஸ்கூல விட்டு ஓடிட்டீங்களாம். என்னை மட்டும் ஏன்பா படி படின்னு உயிர எடுக்கிறீங்க?"

"அப்படி இல்லம்மா."

"பெரியப்பா அச்சுல போட்டிருக்காரே."

இரண்டு வாரமாக அவள் காலேஜுக்குப் போகவில்லை.

நடந்தது வேறு. நாங்கள் இருவரும் பள்ளியில் சேர்ந்த மூன்றாம் மாதம் அப்பா காலில் குலை விழுந்து எலும்பு முறிந்தது. அம்மாவோடு உதிரிப் பழம் பொறுக்க ஒரு ஆள் வேண்டும், இல்லையென்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீடு போய்விடும். அன்றைக்குக் கமலனுக்குக் காய்ச்சல், அதனால் என்னை எழுப்பினார்கள். மூன்று நாளில் அவனுக்குக் காய்ச்சல் விட்டது. எனக்கு வேலை விடவில்லை.

விழாவை நடத்திய செபஸ்தியன் எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தி, "ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே," என்றார்.

"அவனுக்குப் பேசவெல்லாம் வராது, செபஸ்தியன்," என்றான் அண்ணன்.

மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தேன். "பேசல. படிக்கிறேன்."

அண்ணன் கை என் தோளை விட்டு இறங்கியது. "டேய், உனக்குப் படிக்க..."

நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரித்து வரிக்குக் கீழே விரலை வைத்தேன். "என் தம்பிக்கு... படிப்பில்... நாட்டமில்லை. ஏழு வயதில்... அவனாகவே... பள்ளியை விட்டு..."

நிறுத்தினேன். மூன்றாவது வரிசையில் லோஷினி நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல படிங்கண்ணே," என்றார் செபஸ்தியன் மெதுவாக.

"அடுத்த வார்த்தை பொய்ங்க, என் வாயால வராது. எழுதினவரே படிக்கட்டும். எம்மக உக்காந்திருக்கா, அவள பாத்துப் படிக்கட்டும்."

மைக்கை நீட்டினேன். அண்ணன் வாங்கிக்கொண்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான். பக்கத்தைப் பார்த்தான், பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தான். உதடு பிரிந்தது. மைக்கில் அவன் மூச்சு மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.