முள் காட்டிய திருட்டு

ஜோசப்ராஜுக்குத் தலை சுற்றியது. சாயங்காலம் காரை நிறுத்தும்போது பாதியில் நின்ற பெட்ரோல் முள், காலையில் சாவியைத் திருப்பினால் கால்வாசிக்கும் கீழே படுத்துக் கிடக்கிறது. ஒரு நாள் என்றால் கண்தான் ஏமாற்றியது என்று விடலாம். ஒரு வாரமாக இதே கூத்து. அதைவிடக் கூத்து, சேக்காட்டிலிருந்து கிளம்பி ஆவடி மார்க்கெட் தாண்டுவதற்குள் முள் தானாக மேலே ஏறிவிடும். ஓட ஓட பெட்ரோல் ஊறுகிற வண்டியை எந்த ஊரில் கண்டோம்? மீட்டருக்குத்தான் பைத்தியம் என்று விட்டிருந்தால் யாருக்கும் வம்பில்லை. ஆனால் மனுஷப் புத்தி, ஏறுகிற முள்ளை விட்டுவிட்டு இறங்குகிற முள்ளைத்தானே பிடித்துக்கொள்ளும்!

ஏனென்றால் வீட்டில் ஜெர்வின் இருந்தான். மனைவி ரோஸியின் தம்பி. குடித்துக் குடித்து அம்பத்தூர் கம்பெனி வேலையைத் தொலைத்து, குடியை மறக்கடிக்கும் மையம் ஒன்றில் மூன்று மாதம் கிடந்துவிட்டு, போன மாதம்தான் வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. தொட்டால் இந்த வீட்டில் இடமில்லை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவனுக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

பெட்ரோலை உறிஞ்சி விற்றுக் குடிக்கிறான் என்று ஜோசப்ராஜ் முடிவே கட்டிவிட்டார். அன்று காலை அவனை ஹாலுக்கு இழுத்துவந்து மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

“டேய் மச்சான், வண்டில பெட்ரோல் எடுத்தியா, இல்லியா? எடுக்கலன்னா மாதா மேல சத்தியம் பண்ணு. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

ஜெர்வின் படத்தைப் பார்த்தான். கையைத் தூக்கினான். தூக்கிய கை பாதியில் நின்றது.

“எவ்ளோ மாமா கொறஞ்சுது?”

“என்னியே கேக்குறியா? இன்னா நெஞ்சழுத்தம்டா உனுக்கு!”

அவன் கையைக் கீழே போட்டான். “நான்தான் எடுத்தேன் மாமா.”

சமையலறை வாசலில் நின்ற ரோஸி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “சாயங்காலம் நான் வர்ற சொல்ல நீ இங்க இருக்கக் கூடாது” என்று கத்திவிட்டு ஜோசப்ராஜ் வண்டியை எடுத்தார்.

நேரே போனது மெக்கானிக் தமிழரசுவிடம். டேங்குக்குப் பூட்டு வைத்த மூடி வாங்கத்தான். கதையைக் கேட்ட தமிழரசு சிரித்தான்.

“வண்டிய எங்க வுடுற அண்ணாத்தே?”

“ஊட்டு வாசல்லதான். மழத்தண்ணி உள்ள பூருதுன்னு போன வாரம்தான் வாசல ஒசத்திச் சறுக்கு கட்டினேன். அது மேல ஏத்தி வுடுவேன்.”

“அதான் மேட்டரு. மாடித் தொட்டில பந்து மெதக்குதுல்ல, அது மாரி டேங்குக்குள்ளயும் ஒரு மெதவ கீது. அது நிக்கிற ஒயரத்ததான் முள்ளு காட்டும். வண்டி மூக்கு மேல தூக்குனா பெட்ரோல் பின்னால ஓடிடும். உன் வண்டில மெதவ முன்பக்கம் கீது, எறங்கிடும். முள்ளு சட்டுனு அசையாது, மெதுவாத்தான் வரும். அதான் நிறுத்த சொல்ல உனுக்குத் தெரில.”

சொன்னதோடு விடவில்லை. ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினான். முள் மெல்ல இறங்கியது. ஜாக்கியை எடுத்தான். மெல்ல ஏறியது.

“பாத்தியா? ஒரு சொட்டு எங்கியும் போவல.”

இப்போதுதான் ஜோசப்ராஜுக்கு நிஜமாகவே ஒன்றும் புரியாமல் போயிற்று. பெட்ரோல் போகவே இல்லை என்றால் அந்தப் பாவி எதைத்தான் எடுத்தான்? வேலைக்குப் போகாமல் வீட்டுக்குத் திருப்பினார்.

ஜெர்வின் தோளில் பையோடு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.

“டேய், பெட்ரோல் கொறையவே இல்லடா! மீட்டருதான் தப்பா காட்டிகினு கீது. எடுக்காதத எதுக்குடா எடுத்தேன்னு சொன்ன? உனுக்கு இன்னா பைத்தியமா?”

ஜெர்வின் திருதிருவென்று விழித்தான். “நெஜமாவா? நான் எடுக்கலியா மாமா?”

“எடுக்கலடா!”

“எனுக்கு எப்டி மாமா தெரியும்? குடிச்ச நாள்ல நான் பண்ணதெல்லாம் மறுநாள் நீங்க சொல்லித்தானே எனுக்கே தெரியும். அண்டாவ வித்தேன்னீங்க, அக்காவ அடிச்சேன்னீங்க. ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. ஆனா எல்லாம் நெஜம். இதுவும் அப்டித்தான்னு நெனச்சேன். பொய்ச் சத்தியம் பண்ண பயமா இருந்துச்சு.”

ஜோசப்ராஜ் பையை வாங்கக் கை நீட்டினார். ஜெர்வின் அதை விடாமல் பிடித்துக்கொண்டான்.

“அப்போ நான் குடிக்கவும் இல்லதானே மாமா?” என்று கேட்டான்.