என் கைப்பிழை

என் கணவர் மகேந்திரராசாவுக்குக் காரைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை. அதை அவரே சொல்லுவார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு கார். அதில்தான் எனக்கு ஓட்டப் பழக்கினார். பழக்கினார் என்றால், பக்கத்தில் இருந்து உச்சுக்கொட்டினார். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுதாகத் திருப்பினால் முன்னால் எங்கோ டக், டக், டக் என்று சத்தம் வரும். உடனே மனுசன் பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர் போலக் கண்ணை மூடிக்கொள்வார்.

"கேட்டதோ? உம்மட கைதான். மாடு பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுத் திருப்புறீர்."

"மெதுவாத்தானே திருப்பினனான்?"

"நான் ஓடேக்க எப்பவாவது இந்தச் சத்தம் வந்ததோ? சொல்லும் பாப்பம்."

வந்ததில்லைதான். வேலைக்கு நேர் ரோட்டில் போய் நேர் ரோட்டில் வருகிறவர். கடைக்குப் போனாலும் வளைக்கத் தேவையில்லாத மூலையில் நிறுத்திவிட்டு என்னை நடக்க விடுவார். எப்போதாவது வளைக்க வேண்டி வந்தால் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். அதைக்கூட நான் யோசிக்கவில்லை. நாசமாய்ப் போன என் புத்தி அவர் சொன்னதை அப்படியே நம்பியது. குசினியில் பெரிய சட்டி மூடியைப் பிடித்துக்கொண்டு, நோகாமல் திருப்பி நோகாமல் விட்டுப் பழகினேன். இப்போது நினைத்தால் அந்த மூடியாலேயே என் தலையில் போட வேண்டும் போல் இருக்கிறது.

அந்த நேரம்தான் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை. திங்கட்கிழமை தொடங்க வேண்டும், லைசன்ஸ் இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு என்றார்கள். அதற்கு முந்திய வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு ஒருவர் என்னை வேலைக்கு வா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அந்த வேலை வேண்டும், எப்பாடு பட்டாவது வேண்டும்.

"இந்தக் கையோட டெஸ்டுக்குப் போனா நடு ரோட்டில காரை உடைப்பீர். நான் கார் தரமாட்டன்," என்றார். சொல்லிவிட்டு, "தேத்தண்ணி போடுமன்," என்றார். அவ்வளவுதான் அவர்.

டெஸ்டுக்கு முந்திய சனிக்கிழமை காலை அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கமலினியைக் கூப்பிட்டேன். அவளிடம் லைசன்ஸ் இருப்பதால் பழகுகிற ஆளுக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஆளில்லாத ஒரு கார் நிறுத்துமிடத்தில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வட்டம் போட்டேன். இடப்பக்கம் திரும்பினால் ஒரு சத்தமும் இல்லை. வலப்பக்கம் திரும்பினால் டக், டக், டக்.

"நீ ஒருக்கா ஓடு பாப்பம்," என்று இடம் மாறினேன்.

கமலினி வலப்பக்கம் திருப்பினாள். அதே டக், டக், டக்! நான் என்ன, என் கையைக் கழற்றியா அவளிடம் கொடுத்தேன்?

"அடியேய், இது உன்ர கை இல்லையடி, கார்!" என்று கத்தினாள்.

இறங்கி, முன் இடது சில்லுக்குப் பின்னால் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தோம். ரப்பர் உறை ஒன்று வாயைப் பிளந்து கிடந்தது. சுற்றிவரக் கறுப்புக் கிறீஸ் தெறித்திருந்தது.

நேரே முனவ்வரின் கராஜுக்குப் போனோம். எங்கள் காரை எப்போதும் சர்வீஸ் செய்கிறவர் அவர்தான், கல்முனைக்காரர். காரை உயர்த்தி, சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"ஜொயின்ட் தேஞ்சி போச்சு அக்கா. உறை கிழிஞ்சா கிறீஸ் வெளிய போகும், மண் உள்ள போகும், திரும்பக்குள்ள இப்படித்தான் சத்தம் போடும். இனி சில்லைச் சுத்துற முழுத் தண்டையும் மாத்தணும். நான் அண்ணனுக்குப் போன சர்வீஸ்லயே சொன்னதானே. அப்பவே உறையை மட்டும் மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"அவருக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னது மட்டுமா, காட்டினன். தொட்டும் பார்த்தார். பிறகு பாப்பம் எண்டிட்டுப் போனார்."

விசயம் தெரியாமல்தான் இந்த மனுசன் அளக்கிறார் என்று நினைத்திருந்தேன். தெரியாதவரை மன்னிக்கலாம். இவர் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலில் பட்ட கிறீஸைத் துடைத்துவிட்டு வந்து, என் கையைக் குற்றம் சொல்லியிருக்கிறார். சீ, இதுவும் ஒரு மனுசன்!

முனவ்வர் அன்று மத்தியானமே தண்டை மாற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து, "முனவ்வரின்ர கராஜில இருந்து வாறன்," என்று மட்டும் சொன்னேன். மகேந்திரராசாவின் முகம் செத்துப்போனது. அதற்குப் பிறகு கார் தரமாட்டேன் என்ற கதை அவர் வாயில் வரவில்லை. வியாழக்கிழமை கமலினியோடு போய் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினேன். அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டுக் காரில் ஏறினேன். மனுசன் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கெட்ட எண்ணத்தில செய்யேல்லை," என்றார். "கார் ஓடத் தெரிஞ்சா நீர் என்னை விட்டிட்டுப் போயிடுவீர் எண்டு பயந்தனான்."

அந்தக் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டேன்.

"உங்களை விட்டிட்டுப் போற எண்ணம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை," என்றேன். "சனிக்கிழமை அந்தக் கராஜுக்குப் போகும் வரைக்கும்."