பயமில்லை என்று எழுதியவர்கள்

முனைவர் பட்டத்துக்கான ஆய்வின் நான்காம் ஆண்டில், 2007 ஆகஸ்டில், பெர்னதெத்துக்கு எல்லாம் கைகூடி வந்ததுபோல் இருந்தது. முதலியார்பேட்டையில் ஒரு பளுதூக்கும் கூடத்தில் இருபத்திரண்டு பெண்களுக்கு எட்டு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்திருந்தாள். மேடையேறுவதற்கு முன் வரும் பயம் அதனால் குறைகிறதா என்பதுதான் ஆய்வு. பயிற்சிக்கு முன் ஒரு கேள்வித்தாள், பின் ஒன்று. கூட்டிப் பார்த்தால் பயம் பாதிக்கும் கீழே போயிருந்தது. அவளுடைய வழிகாட்டி நிர்மலாதேவி, பாராட்டிப் பழக்கமில்லாதவர், "டிசம்பர்ல சப்மிட் பண்ணிடலாம்" என்றார்.

அடுத்த வாரம் மாநில அணிக்கான தேர்வு நடந்தது. அந்தக் கூடத்தின் அன்னக்கிளி, பத்தொன்பது வயது, நாற்பத்தெட்டு கிலோ பிரிவுக்காக இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எடையைக் குறைத்துக்கொண்டு மேடையேறினாள். கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோனவளுக்குக் கண் இருட்டியது. கை மடங்கியது. முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது.

பெர்னதெத் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டிலருகே அன்னக்கிளியின் அம்மா ஆதிலட்சுமி உட்கார்ந்திருந்தாள். "நீங்கதான அந்த மூச்சு சொல்லிக் குடுக்கிறவங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வெந்நீர் வாங்கப் போனாள்.

அன்னக்கிளி கூரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா, ரெண்டாவது பேப்பர்ல பயமே இல்லன்னு போட்டிருந்தேன், பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாரும் அப்டித்தான் போட்டோம். பயம்னு எழுதறவ பேர லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவேன்னு கோச் சொல்லிட்டாரு. அவர்தான பேப்பர வாங்கிப் பாத்து அடுக்கி வெச்சாரு."

பெர்னதெத் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். தாள்களைக் கோச் கலியமூர்த்தி கையில் கொடுத்தது அவள்தான். எட்டரை மணிக்குக் கல்லூரியில் வகுப்பெடுக்க வேண்டும். பெண்கள் எழுதி முடிக்கும்வரை நிற்க நேரமில்லை. 'உங்கள் விடைகளை ஆய்வாளரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்' என்று தாளின் தலைப்பில் அச்சடித்ததும் அவளேதான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க அவர்கூட சிரிச்சிப் பேசுவீங்க. நீங்களும் அவரு ஆளுன்னு நெனச்சோம்."

நான்கு நாள் பெர்னதெத் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கணக்கெல்லாம் சரியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முழங்காலிட்டவளுக்கு ஜெபம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கட்டுப்போட்ட கைதான் கண்ணில் நின்றது. மறுநாள் காலை நிர்மலாதேவியின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"வேணும்னே செஞ்சியா?"

"இல்ல மேடம். சோம்பேறித்தனம்."

"ரெண்டு வருஷ வேல போயிடும், தெரியுதா?"

"தெரியுது."

"எல்லாத் தாளையும் ஆய்வுலேர்ந்து எடுத்துடு. நெறிமுறைக் குழுவுக்கு நீயே லெட்டர் எழுது, எம்பேரையும் சேத்து எழுது. நானும் போய்ப் பாக்கல இல்ல."

கலியமூர்த்தி அவளைக் கூடத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். "படிப்பு உங்களுக்கு, பழி எனக்கா?"

"உங்க கையில குடுத்தது என் தப்பு சார். அதத்தான் எழுதியிருக்கேன். நீங்க அந்தப் பொண்ணுங்கள மிரட்டினதையும் எழுதியிருக்கேன்."

அதன்பின் அவர் அவளோடு பேசவில்லை. அவர்மேல் விசாரணை என்று ஒன்று வந்து, எச்சரிக்கையோடு முடிந்தது. அவர் கோச்சாகவே இருந்தார்.

பெர்னதெத் மற்றப் பெண்களின் வீடுகளைத் தேடிப் போனாள். மூலக்குளம், பிள்ளைச்சாவடி என்று இருபத்தோரு வீடு. கதவு திறந்த வீடுகளிலெல்லாம் மன்னிப்புக் கேட்டாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒன்பது பேர் பேசச் சம்மதித்தார்கள். இந்த முறை கேள்வித்தாள் கிடையாது. அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, எழுதி, அவர்களிடமே வாசித்துக் காட்டி, நீக்கச் சொன்னதை நீக்கினாள். பத்தாவதாக, ஆறு மாதம் கழித்து, அன்னக்கிளியே போன் செய்து வரச் சொன்னாள். கை முழுதாக நீளவில்லை. பளுதூக்குவதை விட்டிருந்தாள்.

2010-இல் பட்டம் கிடைத்தது. தேர்வாளர் ஒருவர், பத்து பேரை வைத்துக்கொண்டு என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்டார். இருபத்திரண்டு பேர் எப்படிப் பத்து பேர் ஆனார்கள் என்பதை அவள் மறைக்காமல் சொன்னாள்.

பைண்டு செய்த ஆய்வேட்டை மூலக்குளத்தில் அன்னக்கிளி வீட்டுக்கு எடுத்துப்போனாள். இங்கிலீஷில் இருந்த பக்கங்களை அன்னக்கிளி ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"இதுல நான் எங்கக்கா இருக்கேன்?"

பெர்னதெத் அந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

"தமிழ்ல சொல்லுங்க. அம்மாவும் கேக்கட்டும்."

"நெஜமாத்தான் சொல்றியா?"

அவள் தலையசைத்தாள். பெர்னதெத் வாசித்தாள்: "கம்பி கிட்ட போவும்போதெல்லாம் அது எம்மேல விழப்போவுதுன்னு தோணும். வீட்ல சொன்னா அனுப்ப மாட்டாங்க. கோச்சுகிட்ட சொன்னா எடுக்க மாட்டாரு. அதனால சிரிச்சிக்கிட்டே போவேன். எல்லாரும் எனக்குத் தைரியம் ஜாஸ்தின்னு சொல்வாங்க."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் அப்டி சொல்வேன்" என்றாள். "தெருவுல எல்லார்கிட்டயும் சொல்வேன்."

மகளின் மடங்கிய கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இன்னும் இருக்குதாம்மா? படிங்க" என்றாள்.