கால்வாயில் இறங்காத பெண்

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் பெண் பார்ப்பது கால்வாயில்தான். மாப்பிள்ளையின் தாய் நாலு துணியை அள்ளிக்கொண்டு போய் முழங்கால் தண்ணீரில் நின்று, எவள் எப்படிக் கசக்குகிறாள், எவள் சோப்பை வீணடிக்கிறாள் என்று ஓரக்கண்ணால் எடைபோடுவாள். இன்று கால்வாயை மூடி மேலே ரோடு போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்கு இன்னும் சோப்பு வாசனை வருகிறது.

பக்கத்து நகரமான மன்சூராவின் சந்தையில் எங்களுக்குத் துணிக்கடை. நான் இன்சாஃபைத்தான் கட்டிக்கொள்வேன் என்றிருந்தேன். அவளோ கால்வாயில் இறங்கவே மாட்டாள். சிறுவயதில் அவள் அண்ணனுக்கு மூத்திரத்தில் ரத்தம் போனபோது, பையன் வயதுக்கு வந்துவிட்டான் என்று ஊரே கேலி செய்தது. எல்லாப் பையன்களுக்கும் வருவதுதானே என்று நினைத்தோம். முப்பது வயதுக்குள் மூத்திரப்பையில் கட்டி வந்து செத்தான். நத்தைக்குள் வளர்கிற புழு, தண்ணீரில் நிற்பவர்களின் தோலைத் துளைத்து ஏறுகிறது என்று சுகாதாரக்காரர்கள் சொன்னதை அந்த வீடு மட்டும் நம்பியது.

"அதெல்லாம் சாக்குடா ரஜப். உடம்புல ஏதோ குறை, மறைக்கிறாங்க," என்றாள் அம்மா.

அந்த வருடம் நத்தைகளைக் கொல்லக் கால்வாயில் மருந்து விட்டார்கள். கரையில் குழாய் வைத்துச் சலவைக்கூடமும் கட்டினார்கள். பெண்கள் எட்டிப் பார்க்கவில்லை. குழாய்த் தண்ணீரில் நுரை வராதாம். தவிர, நாலு சுவருக்குள் துவைத்தால் யார் பார்ப்பது? இன்சாஃப் மட்டும் போனாள்.

ஒருநாள் அப்பாவின் எண்ணெய் படிந்த அங்கியோடு அம்மாவும் உள்ளே நுழைந்தாள். நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன்.

"இந்தத் தண்ணியில இது போகுமாடி?"

"ஊற வெச்சா போகும், மாமி."

"கால்வாயில நொடியில போகும்."

"போகும். கூடவே ஆளும் போயிடுவாங்க."

"வாய் நீளம். கையும் மெலிசு."

எனக்கு உயிர் வந்தது. பிடித்துப்போன சரக்கைத்தான் அம்மா குறை சொல்லுவாள்.

இன்சாஃப் அங்கியைப் பிழிந்தாள். "என்னைப் பார்த்தாச்சுல்ல மாமி? நாங்களும் பார்க்கணும். உங்க பையன் இன்னும் கால்வாயில நீந்துறாராம். சோதனை பண்ணி, மாத்திரை முழுங்கிட்டு வரச் சொல்லுங்க. அண்ணன் மாதிரி இன்னொருத்தரை எங்க வீட்டுல தூக்க முடியாது."

அம்மா ஈர அங்கியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வெளியே வந்தவள் என் காதைப் பிடித்துச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். உள்ளே கொடுத்த கண்ணாடிக் குப்பியை நான் நிரப்பிக்கொண்டு வந்ததும், அதைச் சோதிக்கிற ஆளிடம் கொடுக்க விடாமல் பிடுங்கினாள். வாசலுக்கு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெயிலுக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்தாள்.